அத்தை வீட்டு டிவி தானாகப் பாடியது

இரவு ஒன்பதரைக்குப் புதுச்சேரியிலிருந்து அத்தை போன். "டேய், கூடத்துல டிவி தானா பாடுதுடா. நான் ரிமோட்டையே தொடல. ஏதோ குத்துப்பாட்டு ஓடுது. நிறுத்தினா மறுபடி வருது." மாமா போனதிலிருந்து எட்டு மணிக்கு மேல் கூடத்தில் ஒரு சத்தம் கேட்டாலே அவருக்குப் பதற்றம். "பிளக்கப் பிடுங்கிடுங்க அத்த, சனிக்கிழமை வரேன்" என்று சொல்லி வைத்தேன்.

பேயும் இல்லை பிசாசும் இல்லை. மாடியில் இருக்கும் மூன்று அறைகளை அத்தை வார இறுதியில் வாடகைக்கு விடுகிறார். சென்னை, பெங்களூருப் பக்கமிருந்து பிள்ளைகள் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். அவர்களில் யாரோ போனில் பாட்டுப் போட்டு, திரை மூலையில் இருக்கும் டிவிக் குறியைத் தொட்டிருக்கிறார். பட்டியலில் ஒரே ஒரு டிவிதான் தெரிந்திருக்கும். தொட்டதும் கீழே கூடத்தில் இருந்தது பாட ஆரம்பித்துவிட்டது. அத்தை நிறுத்த நிறுத்த, மேலே இருந்தவர் 'நெட் கட்டாகிறது' என்று நினைத்து மறுபடி மறுபடி தொட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் குற்றமில்லை.

குற்றம் வைஃபையில். கூடத்து டிவி, மாமாவின் பழைய பிரிண்டர், வாசல் கேமராவின் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டி, அத்தையின் போன், வருகிற விருந்தாளிகளின் போன், எல்லாம் ஒரே நெட்வொர்க்கில், ஒரே பாஸ்வேர்டில். அந்தப் பாஸ்வேர்ட் அத்தையின் மொபைல் எண். அதே எண் வாசல் பலகையில் 'அறைகள் கிடைக்கும்' என்பதற்குக் கீழே பச்சைப் பெயிண்டில் அரையடி உயரத்துக்கு எழுதியிருக்கிறது.

இன்னொரு குறையும் வெகுநாளாக உண்டு. பிரான்சில் இருக்கும் மகனோடு அத்தை தினமும் வீடியோவில் பேசுவார். சமையலறையில் உட்கார்ந்து பேசினால் படம் உறைந்துவிடும். அதனால் தாழ்வாரத்துக்கு வந்து கொசுக்கடியில் நின்று பேசுவார். இரண்டையும் ஒரே போக்கில் சரி செய்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். ஒரு சனிக்கிழமையில் முடியும் என்று நினைத்தது மூன்று சனிக்கிழமை இழுத்தது. அந்தக் கணக்குதான் இது.

கடலூரிலிருந்து பாண்டி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். பையில் லேப்டாப், கேபிளுக்கு முனை அடிக்கும் க்ரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், லாரன்ஸ் ரோட்டில் வாங்கிய ஒரு டூயல் பேண்ட் கிகாபிட் ரூட்டர், கறுப்புத் தோல் போட்ட முப்பத்தைந்து மீட்டர் வெளிப்புற கேட்6 கேபிள். கறுப்பு ஏன் என்றால், சாதாரண சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் கிடந்தால் சில வருடத்தில் தோல் வெடித்துவிடும். அதோடு, மலிவுக் கேபிளில் செம்புக்குப் பதில் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம் இருக்கும். கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். கீழே நம்மூர் வீடு: திண்ணை, தாழ்வாரம், கூடம், முற்றம், பின்கட்டு, சமையலறை, கிணற்றடி என்று ரயில்பெட்டி போல நீளும். மேலே போனால் வளைவு ஜன்னலும் மரப்பலகைக் கதவும் பிரெஞ்சுச் சாயலில் இருக்கும். மாமாவின் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் எடுத்துக் கட்டிய மாடி. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி செங்கல், சுண்ணாம்புக் காரை. கோடையில் உள்ளே நுழைந்தால் குளுகுளு என்றிருக்கும். வைஃபைக்கு அதே சுவர்தான் எமன். கார்த்திகை மாதம் வேறு, சுவர் மழைநீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. ஈரச்சுவர் சிக்னலை இன்னும் கொஞ்சம் விழுங்கும்.

முதலில் எதையும் கழற்றாமல் போனில் ஒரு வைஃபை அளக்கும் செயலியைத் திறந்து வீடு முழுக்க நடந்தேன். சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எல்லாமே மைனஸ் கணக்கு, பூஜ்யத்துக்கு அருகே இருக்க இருக்க நல்லது. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 அளவுக்காவது வேண்டும். இணைய நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போன பெட்டி கூடத்து அலமாரியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் மைனஸ் 38. ஒரு சுவர் தாண்டியதும் மைனஸ் 60. இரண்டாவது சுவருக்கு அப்பால் 71. சமையலறையில் 84, அதுவும் வந்து வந்து போகிறது. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் கணக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கும் தெம்பு அதற்குக் குறைவு. இரண்டாவது சுவரிலேயே அது காணாமல் போய்விட்டது.

பேசாமல் ஒரு ரிப்பீட்டரை வாங்கி நடுவில் மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாதாரண ரிப்பீட்டர் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும், அதிலேயே பாதி வேகம் போய்விடும். தவிர, தேய்ந்த சிக்னலை வாங்கி அதே தேய்ந்ததைத்தான் நீட்டித் தரும். கேபிள் இழுக்க வழி இருக்கிற வீட்டில் கேபிள் இழுப்பதே மேல். அதன் மறுமுனையில் வைக்கிற ரூட்டர் அக்சஸ் பாயிண்டாக வேலை செய்யும். முகவரி கொடுப்பது, வெளியுலகோடு பேசுவது எல்லாம் கூடத்துப் பெட்டியின் பொறுப்பு. இது கம்பியில் வருவதைக் காற்றில் விடும், அவ்வளவுதான்.

எங்கே வைப்பது? இதற்கு விடை முற்றத்தில் கிடைத்தது. மாடியில் முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம் ஓடுகிறது. தென்கிழக்கு மூலையில் நின்றால் முற்றத்து வெளிவழியே கீழே பின்கட்டு வாசலும் சமையலறைக் கதவும் நேராகத் தெரிகின்றன. இடையில் ஒரு சுவர்கூட இல்லை, மேலே போட்ட இரும்புக் கிராதி மட்டும்தான். மாடி அறைகளின் கதவுகளும் அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் திறக்கின்றன. ரூட்டரை ஒரு ஸ்டூலில் வைத்துக் கரண்ட் கொடுத்துக் கீழே போய் அளந்தேன். சமையலறையில் மைனஸ் 57. நிரந்தரமாக மாட்டுமுன் இப்படி ஸ்டூலில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஒருமுறை துளை போட்டால் பிடி மண் கொட்டும், பிறகு மனசு மாறினால் கஷ்டம்.

கேபிள் இழுக்கப் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார் அத்தை. வேலையில் சுத்தமானவர். ஆனால் ஏற்கெனவே இருந்த கரண்ட் ஒயர் பைப்பிலேயே கேபிளையும் திணித்துவிடலாம் என்றார். "வேணாம்ண்ணே, ரெண்டும் ஒட்டிப் போகக் கூடாது" என்று கெஞ்சி, மரவிட்டத்தின் ஓரமாகத் தனிப் பட்டி அடிக்க வைத்தேன். கரண்ட் ஒயரைக் கடக்க வேண்டிய இடத்தில் மட்டும் குறுக்கே நேராகக் கடந்தோம்.

முனை அடிக்கும் வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் காபி குடிக்கப் போனேன். அங்கேதான் முதல் சறுக்கல். திரும்பி வந்தபோது இரண்டு முனையும் அழகாக அடித்து முடித்திருந்தார். டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிகிறது. சரி என்று மாட்டினேன். இணைப்பின் வேகம் 1000 மெகாபிட்டில் ஏறியது, ஐந்து நிமிடத்தில் 100-க்கு இறங்கியது, அப்புறம் அறுந்தது, மறுபடி ஏறியது. ரூட்டரைச் சந்தேகித்தேன், போர்ட்டைச் சந்தேகித்தேன், கடைக்காரரைக்கூடச் சந்தேகித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் கண்ணாடி முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அண்ணன் நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பார்வைக்கு ஒழுங்கு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி என்பதால் டெஸ்டரும் ஆமாம் சாமி போட்டுவிட்டது. ஆனால் கேபிளுக்குள் ஒரு ஜோடியைப் பின்னிக்கொண்டு போவது அழகுக்காக இல்லை. ஒரு கம்பியில் விழும் இரைச்சல் ஜோடியின் மற்றக் கம்பியிலும் அதே அளவு விழுந்து கழிந்து போவதற்காக. இணைப்பில் 3-ம் 6-ம் ஒரு ஜோடி, 4-ம் 5-ம் ஒரு ஜோடி. அண்ணன் அடுக்கில் 3-ல் வெள்ளைப் பச்சையும் 6-ல் நீலமும் வந்துவிட்டன. ஒரே வேலைக்கு இரண்டு வீட்டுக் கம்பி. இரைச்சல் கழியாது, சிக்னல் ஒன்றுக்குள் ஒன்று கசியும். விளக்கு எரிகிற டெஸ்டர் கம்பி போய்ச் சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், யாரோடு பின்னிப் போகிறது என்று அதற்குத் தெரியாது.

எட்டுக் கம்பிகளையும் அடுக்க வேண்டிய 568பி என்ற தர வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியை நடுவில் வைத்துக்கொள்ளும், அதுதான் அடையாளம். பிடித்து அடிக்கும்போது பின்னலை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டையும் நகத்தால் நீவி நேராக்கி, ஒரே மட்டத்தில் வெட்டி, முனைக்குள் தள்ளி, எட்டு செம்புப் புள்ளிகளும் எதிர்முனைக் கண்ணாடியில் முட்டித் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கருவியை அழுத்த வேண்டும். வெளித்தோலும் முனைக்குள் நுழைந்து கடிபட வேண்டும், இல்லாவிட்டால் இழுவை முழுக்கக் கம்பியில் விழும். திருப்பி அடித்தோம். 1000-ல் ஏறி அங்கேயே நின்றது. "முப்பது வருஷமா ஒயரிங் பண்றேன், கலரப் பிரிச்சு நடுவுல சொருகுற வேலய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் அண்ணன். எனக்கு வருத்தம் அவர் மேல் இல்லை, காபி மேல்தான்.

அடுத்தது நானே செய்த தப்பு. ரூட்டரை அமைக்காமலேயே அவசரத்தில் கேபிளைச் சொருகிவிட்டேன். கூடத்துப் பெட்டியின் முகவரியும் 192.168.1.1, புது ரூட்டரின் முகவரியும் 192.168.1.1. நம் தெருக்களில் பழைய எண், புதிய எண் குழப்பத்தில் ஒருவர் கொரியர் இன்னொருவர் வீட்டுக்குப் போகும் அல்லவா, அதே கதை. போதாக்குறைக்கு இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு போன்களுக்கு முகவரி வழங்கின. வீட்டில் பாதிப் பேருக்கு நெட் இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை. இதைப் பத்து வருடமாக மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறவன் நான். கேபிளை உருவி, லேப்டாப்பை நேரடியாகப் புது ரூட்டரில் மாட்டி, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, முகவரி வழங்கும் வசதியான டிஎச்சிபியை அணைத்து, கேபிளை இன்டர்நெட் என்று எழுதிய துளையில் சொருகாமல் வீட்டுக்குள் இணைக்கும் லேன் துளையில் சொருகினேன். சில ரூட்டரில் 'அக்சஸ் பாயிண்ட் மோட்' என்று ஒரு பொத்தானே இருக்கும், அதை அழுத்தினால் இதெல்லாம் தானாக நடக்கும். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அழுத்துவது நல்லது.

சேனல் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை 1, 6, 11. கூடத்துப் பெட்டிக்கு 1, மாடிக்கு 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149. குடும்ப நெட்வொர்க்கின் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே, போன் தானாக மாறிக்கொள்ளும். மாடி ரூட்டரின் சக்தியைக் கொஞ்சம் குறைத்தேன். முழுச் சக்தியில் வைத்தால் தெருக்கோடி வரை கேட்கும், ஆனால் போனின் சின்னக் குரல் திரும்பி வந்து சேராது. தெருக்கோடிக்கு நாம் எதற்கு ஒலிபரப்ப வேண்டும்?

பூட்டும் வேலைக்கு வந்தேன். கூடத்துப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் அட்மின், அட்மின் என்று அடித்ததும் கதவு திறந்தது. மூன்று வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் திறந்து கிடந்தது. முதல் வேலையாக அதை மூடி, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். டிவிஆரிலும் அதே வியாதி. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது இந்த வழியாகத்தான். அதனிடம் பெரிய வித்தை எதுவும் கிடையாது. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபதுக்கு மேல் கையில் இருந்தன, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது.

அடுத்து டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தினால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்க்கும் வசதி, கூடவே பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எட்டு இலக்கப் பின். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியம் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடுவது, மேலும் பெட்டி முதல் நான்கைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் சரி, தப்பு என்று சொல்லிவிடுகிறது. ஆக 10,000-ம் 1,000-ம் சேர்த்து 11,000 முயற்சியில் கதை முடிந்தது. ஸ்டெஃபான் ஃபீபோக் என்பவர் இதை வெளியிட்டது 2011 டிசம்பர் கடைசி வாரத்தில். நம் பக்கம் அந்த வாரத்தை யாரும் மறக்க மாட்டார்கள், 30-ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பலா மரமும் முந்திரியும் சாய்ந்து கிடந்த நேரத்தில் டபிள்யூபிஎஸ் ஓட்டையைப் பற்றி இங்கே யார் படித்திருப்பார்கள்! இத்தனை வருடம் கழித்தும் கூடத்துப் பெட்டியில் அது திறந்துதான் இருந்தது. அணைத்தேன்.

பாஸ்வேர்ட். மொபைல் எண் வேண்டாம் என்றதும் "ஞாபகம் இருக்கும்ல" என்றார் அத்தை. பலகையில் எழுதாவிட்டாலும் மொபைல் எண் ஆகாது. போன் வைஃபையில் சேரும்போது ரூட்டரோடு நான்கு செய்தி பரிமாறிக்கொள்கிறது. தெருவில் நிற்கும் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், நிதானமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம். நம்மூர் மொபைல் எண் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி. கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 4 லட்சம் பார்க்கும் என்று வைத்தால் 10,000 நொடி, மூன்று மணி நேரம்கூட ஆகாது. மாமாவின் பழைய அகராதியை அத்தையிடம் கொடுத்து, கண்ணை மூடி ஐந்து இடத்தில் பிரித்து விரல் வைக்கச் சொன்னேன். விழுந்த ஐந்து சொல்லையும் ஆங்கில எழுத்தில் ஒன்றாக எழுதினால் பாஸ்வேர்ட். ஒரு சொல்லுக்கு அர்த்தம் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அத்தை அதைச் சமையலறைத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும், சமையலறைக்குள் வருகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

பெயரை ஒளித்து வைப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பதிந்து அனுமதிப்பது இரண்டையும் செய்யவில்லை. ஒளித்த பெயரைப் போனே சேரும்போது உரக்கச் சொல்லிவிடும். மேக் முகவரியை இப்போதைய போன்கள் நெட்வொர்க்குக்கு ஒன்றாகத் தாமே இட்டுக்கட்டிக்கொள்கின்றன, ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் அப்படித்தான். திருடனை நிறுத்தாமல் அத்தையை நிறுத்தும் பூட்டு எதற்கு?

பிறகு விருந்தாளிகளுக்கான தனி நெட்வொர்க். மாடி ரூட்டரில் 'கெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. போட்டேன், பாஸ்வேர்ட் வைத்தேன், 'ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது' என்ற டப்பாவிலும் டிக் அடித்தேன். கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த வெள்ளி இரவு போன். "டேய், மறுபடி பாடுது. இந்தத் தடவ இந்திப் பாட்டு."

சோதித்துப் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. அந்தப் பொத்தான் செய்தது இவ்வளவுதான்: ஒரே ரூட்டரின் காற்றில் இருக்கும் விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தடுத்தது. கூடத்து டிவி மாடி ரூட்டரில் இல்லையே, கீழ்ப் பெட்டியில் இருக்கிறது. அக்சஸ் பாயிண்டாக மாறிய ரூட்டர் வெறும் பாலம். கெஸ்ட் என்று வேறு பெயர் வைத்தாலும் வருகிறதை எல்லாம் அதே கேபிளில், அதே 192.168.1 தெருவுக்குள் இறக்கிவிடுகிறது. ரூட்டர் மோடில் ஒழுங்காக வேலை செய்யும் கெஸ்ட் வசதி, அக்சஸ் பாயிண்ட் மோடில் பல மலிவு ரூட்டர்களில் வெறும் பெயர்ப்பலகைதான். இரண்டாவது சனிக்கிழமை கெஸ்டில் சேர்ந்து பிரிண்டரின் முகவரிக்குப் பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை போட்டேன். நிம்மதியாகப் பதில் சொன்னது.

கூடத்துப் பெட்டியில் ஒரே கேபிளைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் வசதி இல்லை, அதை மாற்றவும் விடமாட்டார்கள். ஆகவே மாடி ரூட்டரின் மென்பொருளையே மாற்றி ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரூட்டர் மென்பொருளை ஏற்றுவது என்று முடிவு செய்தேன். லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற பழைய நீலப்பெட்டியின் மூலநிரல் 2003-ல் வெளியே வந்ததிலிருந்து கிளைத்த திட்டம், பெயரிலேயே அந்த டபிள்யூஆர்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போதே ஆதரவுப் பட்டியலில் இருக்கும் மாடலாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். மாடல் பெயர் மட்டும் போதாது, அடியில் வி1, வி2 என்று சின்னதாக இருப்பதும் பொருந்த வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் ரூட்டர் செங்கல். கார்த்திகை மாதத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று முதலில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை மாட்டினேன். ஏற்றி முடித்த பத்தாவது நிமிடம் உண்மையிலேயே கரண்ட் போனது.

ஏற்றியதும் வைஃபை அணைந்திருக்கும், நிர்வாகப் பாஸ்வேர்ட் இருக்காது. அதை முதலில் வைத்தேன். நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்து, லேன் முகவரி 192.168.1.2, டிஎச்சிபி அணைப்பு என்று பழையபடி. பிறகு விருந்தாளிகளுக்குப் புதிதாக ஒரு தெரு: 192.168.3.1, அதற்குத் தனி டிஎச்சிபி. எது போகலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் அதற்கொரு தனி மண்டலம். அங்கிருந்து ரூட்டரையே தொட அனுமதி இல்லை, முகவரி கேட்கும் 67-ஆம் எண் வாசலும் தளத்தின் பெயர் கேட்கும் 53-ஆம் எண் வாசலும் மட்டும் விதிவிலக்கு. லேன் மண்டலத்துக்குப் போக அனுமதி உண்டு, ஏனென்றால் வெளியே போகும் வழி அதுதான். ஆனால் போய்ச்சேரும் இடம் 192.168, 10, 172.16 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி வட்டாரங்கள் எதுவானாலும் திருப்பி அனுப்பு என்று ஒரு விதி. கூடத்துப் பெட்டியின் வழியாகப் போகலாம், பெட்டியோடு பேச முடியாது. திண்ணை வழியாக மாடிப்படி ஏறலாம், கூடத்துக்குள் வரக்கூடாது என்பது போல. கடைசியாக லேன் மண்டலத்தில் மாஸ்கரேடிங். 192.168.3 என்ற தெரு இருப்பதே கீழ்ப் பெட்டிக்குத் தெரியாது. மாடி ரூட்டர் தன் பெயரில் கேட்டு வாங்கித் தந்தால்தான் பதில் வரும்.

எல்லாம் போட்டு முடித்தும் போன் 'இணைந்தது, இணையம் இல்லை' என்றது. கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் போகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. அரை மணி நேரம் ஃபயர்வாலையே முறைத்துக்கொண்டிருந்தேன். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியை விருந்தாளி ரூட்டரிடம் கேட்கிறார், ரூட்டர் யாரிடம் கேட்கும்? லேனுக்கு நிலையான முகவரி கொடுத்தபோது வெளியே போகும் வழியான கேட்வேயை நிரப்பியவன், யாரிடம் பெயர் கேட்பது என்று சொல்லும் டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அதில் 192.168.1.1 போட்டதும் உயிர் வந்தது.

பெயரில் ஒரு வேடிக்கை. கூடத்துப் பெட்டி தமிழ் எழுத்தை ஏற்கவில்லை, ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும். விருந்தினர் என்று வைக்கப் போனேன், கட்டம் சிவந்தது. வைஃபை பெயருக்கு இடம் 32 பைட். தமிழில் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட். விருந்தினர் என்பதில் கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட் கூடுதல்! விருந்தாளி 30 பைட், உள்ளே உட்கார்ந்தது. அத்தைக்கும் அதுதான் பிடித்தது, "விருந்தினர்னா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றார். தமிழ் தெரியாதவர்களுக்காக க்யூஆர் அச்சடித்து மூன்று அறைக் கதவிலும் ஒட்டினோம். பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றி அச்சடிப்பதாக ஏற்பாடு. எதற்கு இவ்வளவு, விருந்தாளிக்குப் பூட்டில்லாமல் விட்டால் என்ன என்று கேட்டார். 2008-ல் ஆமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது, அங்கே குடியிருந்தவர்தான் விசாரணையில் மாட்டினார் என்று சொன்னேன். அதன் பிறகு கேட்கவில்லை.

இந்த முறை சோதிக்காமல் கிளம்பவில்லை. விருந்தாளியில் சேர்ந்து 192.168.1.1, பதில் இல்லை. பிரிண்டர், டிவிஆர், இல்லை. 192.168.3.1 நிர்வாகப் பக்கம் திறக்கவில்லை. பாட்டுப் போட்டுப் பார்த்தேன், டிவிக் குறியே வரவில்லை. சமையலறையில் அத்தை மகனோடு பேசினார், பின்னணியில் குக்கர் விசிலோடு சேர்த்து எல்லாம் அங்கே கேட்டதாம்.

மூன்றாவது சனிக்கிழமை கேபிள் பட்டிக்கு மூடி போடவும், உப்புக் காற்றில் களிம்பு பிடித்திருந்த டிவிஆர் முனையை வெட்டிப் புதிதாக அடிக்கவும் போனேன். நுழைந்ததும் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "நீ பண்ணதுல இப்ப என் போன்லேர்ந்தே டிவிக்குப் போவல. திருப்பாவை போடலாம்னு பாத்தா டிவியே காட்ட மாட்டேங்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே விருந்தாளி என்றிருந்தது. கதவில் ஒட்டிய க்யூஆர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அத்தையே ஒருமுறை பிடித்துப் பார்த்திருக்கிறார், போன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"என் வீட்லயே நான் விருந்தாளியாடா?"

'மறந்துவிடு' என்பதை அழுத்தி, குடும்ப நெட்வொர்க்கில் சேர்க்கக் காலண்டர் அட்டையைத் திருப்பினேன். அர்த்தம் தெரியாத அந்தச் சொல்லை மட்டும் இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.